நிரம்புதலும் மிகுதலும்: ‘நொம்ப’ என்னும் கொங்குச் சொல்லின் வரலாறு

ஒரு சமுதாயம் எதனை அளவென்று கொண்டது, எதனை அளவு கடந்தது என்று விலக்கியது என்பதை அறிய அதன் அறநூல்களையும் சட்டநூல்களையும் ஆராய்வது ஒரு வழி. மிகுதியைச் சுட்டுவதற்கு அச்சமுதாயம் ஆண்ட சொற்களை ஆராய்வது மற்றொரு வழி. நூல் இயற்றுவோர் ஒரு சிலரே. சொல்லை ஆக்குவோரும் திரிப்போரும் காப்போரும் மக்கள் அனைவரும் ஆவர். ஆதலின் இரண்டாம் வழியில் கிடைக்கும் சான்று எளிதாகத் தோன்றினும் வலிமை மிக்கது.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் ‘நொம்ப நாளாச்சுங்க’, ‘நொம்பத் தூரமுங்க’ என்னும் பேச்சை இன்றும் கேட்கலாம். சிற்றூர்களில் ‘நெம்ப’ என்பதும் உண்டு. வெளியூரார் இதனைக் கேட்டு நகைப்பதும், படித்தவர்கள் ‘ரொம்ப என்று சொல்’ என்று பிள்ளைகளைத் திருத்துவதும் வழக்கமாகிவிட்டன. நகைப்புக்கு உள்ளான அச்சொல்லின் பழமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘பிளெதோரா’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்கிறது. கடல் கடந்த அச்சொல்லும் நொய்யற்கரைச் சொல்லும் ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பதே அதற்குக் காரணம்.

மிகுதியைக் காட்டும் உருவகங்கள்

மிகுதி என்பது கண்ணுக்குப் புலனாகாத கருத்து. ஆதலால் மொழிகள் அதனைப் புலனாகும் ஒன்றைக் கொண்டே உணர்த்துகின்றன. ஆங்கிலத்தில் ‘சர்ப்ளஸ்’ என்னும் சொல்லில் ‘மேலே’ என்ற பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு அடங்கியுள்ளது. நம்மிடையே வழங்கும் ‘உபரி’ என்னும் வடசொல்லுக்கும் மேலே என்பதே முதற்பொருள். இலத்தீனின் ‘சூப்பர்’, கிரேக்கத்தின் ‘ஹைப்பர்’, ஆங்கிலத்தின் ‘ஓவர்’ ஆகியவை அவ்வடசொல்லின் உறவினவே. தேவைக்கு மேற்பட்டதைக் குறிக்கும் ‘சூப்பர்ஃபுளூவஸ்’ என்பது வழிந்தோடுதல் என்னும் பொருளிற் பிறந்தது. ‘எக்ஸஸ்’ என்பதோ எல்லையைத் தாண்டிச் செல்லுதலைக் குறிக்கும்.

இம்மூன்று உருவகங்களும் தமிழுக்கும் உரியன. ‘மேற்பட்டது’ என்கிறோம், ‘வழிகிறது’ என்கிறோம், ‘வரம்பு மீறியது’ என்கிறோம். வரம்பு என்பது வயலின் வரப்பையும் ஒழுக்கத்தின் எல்லையையும் ஒருங்கே குறிக்கும் சொல். உழவன் கண்ட வரப்பே அறவோன் கண்ட வரம்பாயிற்று.

நான்காவது உருவகம் ஒன்றுண்டு, அது நிறைவு. கலம் நிரம்பும்வரை அந்நிலை விரும்பத்தக்கது. நிரம்பிய பின் இடப்படும் ஒவ்வொரு துளியும் மிகை. ஆயினும் நிறைவைக் குறித்த சொல்லே காலப்போக்கில் மிகையையும் குறிக்கத் தொடங்குவது பல மொழிகளிற் காணப்படும் இயல்பு. பிளெதோரா அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பிளெதோராவின் பயணம்

பிளெதோரா கிரேக்க மொழியில் நிரம்புதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. பழங்கிரேக்க மருத்துவம் உடலின் நீர்மங்கள் தம்முள் ஒத்து நிற்றலே நலம் என்றும், அவற்றுள் ஒன்று மிகுதலும் குறைதலும் நோய் என்றும் கொண்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் குருதி மிகுதலைப் பல நோய்களுக்குக் காரணமாகக் கருதினார். குருதி மிக்க நிலையின் பெயராகிய பிளெதோரா 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. மருத்துவர் வாயில் நெடுங்காலம் வழங்கிய பின்னரே பொதுவாக எதுவும் அளவு கடந்து இருத்தலைக் குறிக்கலாயிற்று. இன்று பெரும்பான்மையோர் அதனை ‘ஏராளம்’ என்னும் பொருளில் ஆள்கின்றனர். நோயின் சாயல் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சொல்லைப் பற்றிய இச்செய்தி உயிரைப் பற்றிய செய்தியும் ஆகும். குருதி மிகுந்தது நோய் என்றால் குருதியை வெளியேற்றுவது மருந்தாகும். இந்நம்பிக்கையால் ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் நோயாளிகளின் நரம்பைக் கீறிக் குருதியை வடித்தனர். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை நோயுற்றபோது ஒரே நாளிற் பலமுறை அவருக்குக் குருதி வடிக்கப்பட்டது. அன்றிரவே அவர் உயிர் நீத்தார். 1835இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி, நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, நுரையீரல் அழற்சியில் குருதி வடித்தலால் விளையும் பயன் மிகச் சிறிது என்று காட்டினார். அதன் பின்னரே அப்பழக்கம் படிப்படியாகத் தளர்ந்தது. எது மிகை என்பதைத் தவறாக வரையறுத்தால் விளையும் கேட்டுக்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

தமிழ் மருத்துவத்திலும் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் ஒப்புநிலையே நலத்துக்கு அடிப்படை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, அவை மிகுதலையும் குறைதலையும் ஒருசேர நோய்க்குக் காரணமாகக் கூறுகிறார். மிகுதி மட்டுமே பகை என்று அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. அவருக்குப் பின் அவ்வதிகாரம் பெரிதும் பேசுவது குருதியை வடிப்பதைப் பற்றியன்று. அளவறிந்து உண்பதைப் பற்றியே.

மூன்று ஆறானது

தமிழிலக்கண நூலார் மிகுதிச் சொற்களைத் தனியே தொகுத்துப் பார்த்தனர். தொல்காப்பிய உரியியல் தவ, நனி, உறு என்னும் மூன்றையும் மிகுதிப் பொருளனவாகக் கூறுகிறது. கூர், கழி என்பனவற்றை அந்நூல் இவற்றோடு சேர்க்காமல், உள்ளதொன்று சிறத்தலைக் காட்டுவன என்று வேறாக வைக்கிறது. புதிதாக மிகுவது வேறு, உள்ளது கூர்மையுறுவது வேறு என்னும் நுண்மை அதிற் புலப்படுகிறது. நன்னூல் அவ்வேறுபாட்டைக் கைவிட்டு, கூர், கழி என்பவற்றுடன் சால என்பதனையும் கூட்டி, மிகுதிக்கு ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்திக் கூறும் வழக்கு இப்பகுதியில் உண்டு.

அவர் சேர்த்த ‘சால’ என்பது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. இதன் அடி சால் என்னும் வினை. நிறைதல், போதியதாதல் என்பன அதன் பொருள்கள். சால்பு, சான்றோர் என்னும் உயர்ந்த சொற்கள் இவ்வடியிற் பிறந்தவையே. சான்றோர் என்பார் குணங்களால் நிறைந்தவர். அவ்வாறு நிறைவைக் குறித்த அடியே ‘சால’ என நின்று மிகுதியை உணர்த்துகிறது. தெலுங்கில் ‘சாலா’ என்றால் மிகவும் என்பதும், ‘சாலு’ என்றால் போதும் என்பதும் பொருள். கன்னடத்தில் ‘சாலது’ என்றால் போதாது. தமிழோடு இவ்விரு மொழிகளும் வீடுகளிற் புழங்கும் கோவை நகரில் ஒரே தெருவில் இச்சொற்கள் அனைத்தையும் கேட்க இயலும். போதும் என்னும் பொருளும் மிகவும் என்னும் பொருளும் ஒரே வேரில் அடுத்தடுத்து நிற்பதை அத்தெரு காட்டும்.

மிகை என்னும் சொல்லின் கூறுகள்

மிகு என்னும் வினையடியிற் பிறந்த மிகை, மிகுதி என்பன காலந்தோறும் பொருள் விரிந்தன. குறளில் மட்டுமே அவற்றின் பல கூறுகளைக் காணலாம். தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் மிகை என்பது குணம், குற்றம் இரண்டனுள் எது விஞ்சி நிற்கிறது என்னும் கணக்கு. துறவைப் பேசுமிடத்தில், பிறவியை அறுக்க முயல்வார்க்கு உடம்பே வேண்டாத சுமை என்னும் பொருளில் அச்சொல் வருகிறது. பொறையுடைமையில் மிகுதி என்பது செருக்கு. வலியறிதல் அதிகாரத்திலோ, மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று மிகுதியின் இயல்பு காட்டப்படுகிறது. கனமற்ற பொருளே ஆயினும் தாங்குவதற்கு ஓர் எல்லையுண்டு என்பது வண்டியோட்டிப் பிழைத்த மக்கள் நன்கறிந்த உண்மை.

அன்றாட வாழ்வின் ஆவணங்களிலும் இச்சொல் பயின்றது. சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் மிகுதியும் குறைமையும் உள்ளடங்க விற்றதாகக் கூறும் வாய்பாடு பலகாலும் வருகிறது. அளந்த நிலம் சொன்ன அளவினும் கூடியிருப்பினும் குறைந்திருப்பினும் விற்றவரும் வாங்கியவரும் பின்னர் வழக்காடுதல் கூடாது என்பது அதன் கருத்து. அளவைக்கோல் எத்துணைத் திருத்தமாயினும் சிறிது மிகுதல் இயல்பே என்று உணர்ந்த பட்டறிவு அதில் உள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் இதே நிலம் வேறொரு சொல்லால் அளக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு 30 தர ஏக்கர் என்று பொது வரம்பு விதித்தது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அவ்வரம்புக்கு மேற்பட்டது ‘உபரி நிலம்’ எனப்பட்டது. முதற்சட்டத்தின்படி குறையின்றி இருந்த நிலத்தின் ஒரு பகுதி, மண்ணில் எம்மாற்றமும் நிகழாமலே, இரண்டாம் சட்டத்தால் உபரியாயிற்று. மிகை என்பது பொருளில் இல்லை, வரம்பை வகுப்பவர் கையில் உள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

நிரம்ப, நொம்ப, ரொம்ப

மேற்கூறியவை நூல்வழக்கும் ஆட்சிவழக்கும் கண்ட சொற்கள். தமிழ் மக்கள் நாள்தோறும் வாயில் வழங்கும் மிகுதிச்சொல் இவற்றுள் ஒன்றும் அன்று. அது ‘நிரம்ப’ என்பதன் திரிபு. நிரம்பு என்னும் வினை முழுமையடைதலைக் குறிப்பது; கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் அறிவை நிறைவு செய்யும் நூல்களுக்கு இவ்வினையினின்று பிறந்த அடையைக் கொடுக்கிறார். இன்றைய எழுத்துத் தமிழிலும் ‘நிரம்பக் கற்றவர்’ என்னும்போது அம்முழுமைப் பொருள் தங்கியுள்ளது. ‘நிறைய’ என்பதும் இவ்வாறே நிறைவிலிருந்து மிகுதிக்கு வந்த சொல். கிரேக்கச் சொல் நடந்த அதே வழியில், அதனோடு எத்தொடர்பும் இன்றி, தமிழ்ச்சொற்கள் நடந்திருக்கின்றன.

ஒலி மாற்றத்தின் படிகள் தெளிவானவை. சொல்லின் முதலசையில் உள்ள இகரம், அடுத்த அசையில் அகரம் வரும்போது பேச்சில் எகரமாதல் இயல்பு. இலை ‘எலை’ ஆவதும், நிலம் ‘நெலம்’ ஆவதும், நிறம் ‘நெறம்’ ஆவதும் அவ்விதியாலேயே. அதன்படி நிரம்ப என்பது ‘நெரம்ப’ ஆகும். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. கொங்கு வழக்கு முதலெழுத்தாகிய நகரத்தைக் காத்து, இடையில் உள்ள ரகரத்தை விட்டு, ‘நெம்ப’ என்றாயிற்று. பின்வரும் இதழொலிகளின் சாயலால் எகரம் ஒகரமாகி ‘நொம்ப’ என்றும் ஆயிற்று. பிற வழக்குகள் முதலெழுத்தை விட்டு ரகரத்தைப் பற்றின. தென்மாவட்டங்களின் ‘ரெம்ப’ என்பதும், பரவலாக வழங்கும் ‘ரொம்ப’ என்பதும் அவ்வாறு தோன்றியவை.

இவ்விரண்டனுள் எது தமிழிலக்கணத்துக்கு இயைந்தது? மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைத் தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்துள்ளன. ரகரம் அவற்றுள் இல்லை. அது பற்றியே ராமன் ‘இராமன்’ என்றும், ரங்கன் ‘அரங்கன்’ என்றும் எழுதப்படுகின்றனர். நகரமோ பன்னிரண்டு உயிரோடும் கூடி மொழிக்கு முதலாகும். எனவே படித்தவர் பேச்சென மதிக்கப்படும் ‘ரொம்ப’ மொழிமுதல் மரபைக் கடந்தது. நாட்டுப்புறப் பேச்சென நகைக்கப்படும் ‘நொம்ப’ அம்மரபைக் காத்தது. மூலச்சொல்லின் தலையெழுத்தைப் போற்றி வைத்திருப்பதும் அதுவே. பிள்ளைகளைத் திருத்தும்போது, மூலத்துக்கு அண்மையில் நிற்கும் வடிவத்தை விலக்கி, மூலத்தினின்று விலகிய வடிவத்தையே நாம் கற்பித்து வருகிறோம்.

இதனால் ‘ரொம்ப’ இழிந்தது என்று கொள்ளுதல் வேண்டா. இரண்டும் ஒரு தாய் மக்களே. ஒன்றுக்கு நகரமும் வானொலியும் திரைப்படமும் துணை நின்றன. மற்றொன்றுக்குக் களத்துமேடும் சந்தையும் அன்றி வேறு துணை இல்லை. வேற்றுமை துணையில் உள்ளதேயன்றித் தகுதியில் இல்லை.

மிகையின் பயன்

வட்டாரச் சொற்கள் மொழிக்கு மிகை என்றும், பொதுச்சொல் ஒன்று இருக்கையில் அதன் திரிபுகளைக் காப்பது வீண் என்றும் கருதுவோர் உளர். இக்கருத்துக்கு விடை தமிழ் உரைமரபிலேயே உள்ளது. குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நூற்குற்றங்களாக இலக்கண நூல்கள் அடுத்தடுத்து வைத்துள்ளன. ஆயினும் நூற்பா ஒன்றில் வேண்டாததுபோல் ஒரு சொல் நிற்கக் கண்டால் பழைய உரையாசிரியர்கள் அதனைக் களைந்து எறிவதில்லை. அம்மிகையாலே நூற்பாவில் வெளிப்படக் கூறாத வேறு விதிகளையும் கொள்க என்று உரைப்பர். மிகுந்து நிற்கும் சொல் விடுபட்டதற்கு இடம் தருகிறது.

கொங்கு நாட்டு உரையாசிரியர் ஒருவரே இதற்கு வாழும் சான்று. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நிரம்பை என்னும் ஊரினர்; அவ்வூர் விசயமங்கலத்தை அடுத்துள்ள பகுதியைச் சார்ந்தது என்பர். ஊர்ப்பெயரும் நாம் ஆராயும் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பது நினைவிற்கொள்ளத்தக்க ஓர் இயைபு. பாட்டின் பொருளை உணர்த்த வேண்டும் அளவினும் மிகுதியாக அவர் இசைக்கும் கூத்துக்கும் உரிய செய்திகளைத் தம் உரையில் நிரப்பி வைத்தார். உ.வே. சாமிநாதையர் 1892இல் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம் முதலிய பழைய நூல்களைப் பற்றித் தமிழுலகம் அறிந்தது அம்மிகுதியால்தான். அவற்றுட் பஞ்சமரபு, கொங்குப் புலவர் வே.இரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1970களில் சுவடியிலிருந்து அச்சேறியது. அடியார்க்கு நல்லார் அளவோடு எழுதியிருப்பின் அந்நூலின் அருமையை உணர்ந்து தேடுவார் இலராயிருப்பர்.

நீரை அரிதாகப் பெற்ற கொங்கு மண் இவ்வுண்மையை வேறொரு வகையில் நெடுங்காலம் அறிந்திருந்தது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவை வழியே பாயும் நொய்யலில் அணைக்கட்டுகள் அமைத்து, வாய்க்கால் வெட்டி, குளங்களை நிரப்பினர். குளம் நிரம்பியதும் மிகுந்த நீர் கலிங்கின் வழியாக அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ சென்றது. கலிங்கின் மட்டமே நிறைவுக்கும் மிகைக்கும் இடைப்பட்ட வரம்பு. மேற்குளத்தின் மிகை கீழ்க்குளத்தின் நிறைவாயிற்று. அவ்வழி அடைபட்டால் மேற்குளத்துக் கரைக்கும் கேடு, கீழ்க்குளத்து உழவுக்கும் கேடு.

மொழியும் அத்தகையதே. பொதுத்தமிழ் என்னும் குளம் வட்டார வழக்குகளாகிய கால்களால் நிரம்புவது. பழந்தமிழ் இலக்கணம் திசைச்சொல்லுக்கு இடம் வகுத்தது இதனை உணர்ந்தே. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியான ‘நாகம்மாள்’ புதினத்தில் கொங்கு உழவர் பேச்சைத் தயக்கமின்றி ஆண்டு, அப்பேச்சு இலக்கியத்துக்குத் தகும் என்று நிறுவினார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்து அச்சொற்கள் பலவற்றை அழிவிலிருந்து காத்தது. ஆனால் அகராதியில் ஏறிய சொல் பிள்ளைகளின் வாயிலும் நிலைத்தால்தான் உயிருள்ள சொல்லாகும்.

வகுப்பறையில் ஒரு மாணவன் ‘நொம்ப’ என்று சொல்லும்போது ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கரும்பலகையில் ‘நிரம்ப’ என்று எழுதி, அதிலிருந்து ‘நெரம்ப’, ‘நெம்ப’, ‘நொம்ப’ என்று படிப்படியாகக் காட்டலாம். பக்கத்தில் ‘ரெம்ப’, ‘ரொம்ப’ என்று மற்றொரு கிளையையும் எழுதலாம். மொழிமுதல் எழுத்து விதியையும், இகரம் எகரமாகும் இயல்பையும், நிறைவுச்சொல் மிகுதிச்சொல்லாகும் வரலாற்றையும் அம்மாணவன் தன் பாட்டியின் பேச்சிலிருந்தே கற்றுக்கொள்வான். தன் வீட்டுச் சொல்லுக்காக வெட்கப்படும் நிலையும் அவனுக்கு நேராது. பொதுத்தமிழில் எழுதவும் வீட்டுத்தமிழிற் பேசவும் ஒருங்கே வல்லவனாக அவன் வளர்தலே மொழிக்கல்வியின் நிறைவு. அதனை மிகை என்று கூறுவார் யாருமிலர்.